நான்காவது அட்டை: பள்ளி கோல்ஃப் அணியைப் பயிற்றுவிப்பவர்கள் கவனத்துக்கு

கோல்ஃப் தனி ஆள் ஆட்டம். நம் பந்தை நாம்தான் அடிக்க வேண்டும், நம் தவறை நாம்தான் சுமக்க வேண்டும். பள்ளி அணியில் மட்டும் ஒன்று மாறுகிறது: நம் ஸ்கோரோடு இன்னும் மூன்று பேரின் ஸ்கோரும் கூட்டப்படும். சிறு வயதில் பள்ளி அணியில் ஆடியவர்கள் பிற்காலத்தில் ஆசையோடு நினைத்துக்கொள்வது பெரும்பாலும் அந்தக் கூட்டலைத்தான். தன் ஆட்டம் முடிந்த பிறகும் வீட்டுக்குப் போகாமல் குழி இருக்கும் குட்டைப் புல்தரையான கடைசிக் கிரீனைச் சுற்றி அணியே நின்றுகொண்டு, இன்னொருவர் போடும் ஒரு மீட்டர் பட்டுக்காக (பந்தைக் குழிக்குள் உருட்டும் அடிக்காக) மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கும் நிமிடம் வேறு எந்தக் கோல்ஃபிலும் எளிதில் கிடைக்காது.

அந்த நினைவு இனிப்பதும் கசப்பதும் பெரும்பாலும் பயிற்சியாளர் கையில்தான் இருக்கிறது. நல்ல மனதோடு வருகிற பயிற்சியாளர்கள்கூட ஒரே இடத்தில்தான் சறுக்குகிறார்கள்: அணியின் முதல் ஆட்டக்காரருக்காகப் பயிற்சியைத் திட்டமிடுகிறார்கள், அணியின் கணக்கோ நான்காவது ஸ்கோர் அட்டையில் தீர்மானமாகிறது.

பல பள்ளிப் போட்டிகளில் ஐந்து பேர் ஆடுவார்கள், குறைந்த நான்கு ஸ்கோர்கள் கணக்கில் சேரும் (ஸ்கோர் என்பது அடித்த அடிகளின் எண்ணிக்கை, குறைவே நல்லது). ஒன்பது குழி ஆட்டத்தில் ஓர் அணி 41, 44, 47, 55, 58 என்று அட்டைகளைக் கொண்டுவருகிறது என்று வையுங்கள். முதல் நான்கையும் கூட்டினால் 187. இதில் ஆறு அடியைக் குறைக்க வேண்டும். 41 ஆடும் பிள்ளை 35க்கு வர வேண்டுமென்றால், பார் 36 (தேர்ந்தவர் எடுக்க வேண்டிய அடிகள் 36) மைதானத்தில் பாருக்கும் ஓரடி கீழே ஆட வேண்டும். அதற்கு ஆண்டுகள் பிடிக்கும். 55 ஆடும் பிள்ளை 49க்கு வர ஒரு பருவத்துப் பயிற்சி போதும்.

எப்படி என்பது அட்டையிலேயே இருக்கிறது. அந்த 55ஐக் குழி குழியாகப் பாருங்கள்: 5, 6, 5, 9, 4, 6, 10, 5, 5. ஏழு குழிகளில் பிள்ளை குறை சொல்ல முடியாதபடி ஆடியிருக்கிறான். 9 ஒன்றும் 10 ஒன்றும் அட்டையைக் கவிழ்த்துவிட்டன. அவை இரண்டும் ஆறு ஆறாக இருந்திருந்தால் ஸ்கோர் 48.

அந்தப் பத்து எப்படி வந்தது?

பார் 4 குழி. முதல் அடி வலப்பக்க மரங்களுக்குள் போகிறது. இரண்டு மரங்களுக்கு நடுவே ஒரு சிறு சந்து தெரிகிறது, அதன் வழியே கிரீனைப் பார்த்து இரண்டாவது அடி. பந்து மரத்தில் பட்டு இன்னும் உள்ளே போகிறது. மூன்றாவது அடி எப்படியோ உருண்டு வெளியே வந்து நீளப் புல்லில் நிற்கிறது. இழந்ததைப் பிடிக்கும் அவசரத்தில் அங்கிருந்து ஃபேர்வே வுட் என்னும் நீள மட்டை. பந்தின் தலையில் பட்டு இருபது மீட்டர் போகிறது. ஐந்தாவது அடி பங்கர் என்னும் மணல் பள்ளத்தில். ஆறாவது அடியில் பந்து மணலை விட்டு எழவில்லை. ஏழாவது கிரீனைத் தாண்டி அந்தப் பக்கம். எட்டாவது சிப் (கிரீன் ஓரத்திலிருந்து அடிக்கும் சிறு அடி), குழிக்கு நான்கு மீட்டரில். பிறகு இரண்டு பட்.

இந்தப் பத்தில் ஸ்விங் கோளாறு என்று சொல்லத்தக்கது இரண்டு, மூன்று அடிதான். மற்றவை தேர்வுக் கோளாறு. இரண்டாவது அடியில் பந்தைப் பக்கவாட்டில், வெட்டிய புல் பாதையான ஃபேர்வேக்குத் தட்டிவிட்டிருந்தால் மூன்றாவது கிரீன் ஓரம், நான்காவது சிப், இரண்டு பட், மொத்தம் ஆறு. இதைப் பிள்ளைகளுக்கு வாயால் சொன்னால் பதியாது. பயிற்சி நாளில் பந்தை மரங்களுக்குள் கையாலேயே வைத்து, அகலமான வழி எது என்று அவர்களே வாய்விட்டுச் சொல்லிவிட்டு அடிக்கும்படி செய்யுங்கள். மரத்துக்குள் இருந்து அடிக்கும் அடிக்கு ஒரே வேலை, பந்தை வெளியே கொண்டுவருவது. நீளப் புல்லில் இருந்தால் வுட்டை எடுக்கவே கூடாது, முகச்சாய்வு கூடிய வெட்ஜ் மட்டையோ குட்டை அயர்ன் மட்டையோ போதும். நீண்ட புல் மட்டையின் கழுத்தைச் சுற்றிப் பிடித்து முகத்தைத் திருப்பிவிடும். இந்த இரண்டு பழக்கம் வந்தாலே எட்டுக்கு மேற்பட்ட எண்கள் அட்டையிலிருந்து மெல்ல மறையத் தொடங்கும்.

பயிற்சி நேரம் எங்கே போகிறது

பிள்ளைகளை டிரைவிங் ரேஞ்ச் என்னும் பயிற்சித் திடலில் விட்டால் ஒரு கூடைப் பந்தையும் தொலைதூரம் அடிக்கும் டிரைவர் மட்டையாலேயே அடித்துத் தீர்ப்பார்கள். பந்து பறப்பதைப் பார்ப்பதில் அவ்வளவு மகிழ்ச்சி. ஆனால் ஒன்பது குழியில் டிரைவரை ஏழு முறை எடுத்தால் அதிகம். பட்டரை எடுப்பதோ பதினெட்டு, இருபது முறை. தொண்ணூறு நிமிடப் பயிற்சி என்றால் முதல் பத்து நிமிடம் உடம்பைச் சூடாக்க, அடுத்த நாற்பது கிரீனிலும் அதன் ஓரத்திலும், இருபது வெட்ஜுக்கு, மீதிதான் முழு ஸ்விங்குக்கு. ரேஞ்சில் நாற்பது, ஐம்பது பந்து போதும். அதையும் ஒரே மட்டையால் தொடர்ந்து அடிக்க விடாதீர்கள்: ஒரு டிரைவர், ஒரு அயர்ன், ஒரு வெட்ஜ் என்று மனதுக்குள் ஒரு குழியை ஆடுவது போல மாற்றி மாற்றி அடிக்கச் சொல்லுங்கள். ஒரே மட்டையில் முப்பதாவது பந்து நன்றாகப் போவது இயல்பு. மைதானத்தில் கிடைப்பது எப்போதும் முதல் பந்துதான்.

சிப்புக்கும் இதே விதி. குவியலாகப் பந்துகளைக் கொட்டி அடிப்பதைவிட, ஆளுக்கு ஒரே பந்து கொடுத்து, கிரீனைச் சுற்றி ஒன்பது இடங்களிலிருந்து சிப் அடித்துக் குழியில் போட்டு முடிக்கச் சொல்லுங்கள். இடத்துக்கு இரண்டு அடி என்று கணக்கு வைத்தால் பார் 18. புதியவர்கள் முதல் நாள் 30க்கு மேல் போனாலும் கவலையில்லை. வாரா வாரம் அந்த எண்ணை எழுதி வையுங்கள். அணியில் யார் முன்னேறுகிறார் என்பதை டிரைவ் தூரத்தைவிட இது தெளிவாகக் காட்டும்.

சிப் ஏன் தவறுகிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் நான்காவது அட்டையின் பாதி நோய் இங்கேதான். பந்தை மேலே எழுப்ப வேண்டும் என்று பிள்ளை நினைக்கிறது. அந்த நினைப்பில் உடல் எடை பின்காலுக்குப் போகிறது, மணிக்கட்டு பந்தைக் கிண்டுகிறது. மட்டை தன் வட்டத்தின் அடிப்புள்ளியைப் பந்துக்கு முன்பே தொட்டுவிடுகிறது. விளைவு இரண்டில் ஒன்று: மட்டை மண்ணில் செருகிப் பந்து அரை மீட்டர் நகரும், அல்லது மேலேறும் மட்டையின் விளிம்பு பந்தின் இடுப்பில் பட்டு, பந்து கிரீனைத் தாண்டி ஓடும். இரண்டும் எதிரெதிர்த் தவறுகள் போலத் தெரிந்தாலும் வேர் ஒன்றே. பந்தை எழுப்புவது வெட்ஜின் சாய்வு பார்த்துக்கொள்ளும் வேலை. கால்களை நெருக்கி, எடையில் நூற்றுக்கு அறுபது பங்கை முன்காலில் வைத்து, கைகள் பந்துக்குச் சற்று முன்னே இருக்க, எடையை நகர்த்தாமலே அடிக்கச் சொல்லுங்கள். பந்து இருக்கும் இடத்துக்கு ஐந்து சென்டிமீட்டர் முன்னால் ஒரு டீயை (பந்தை நிறுத்தும் சிறு முளையை) முழுக்கச் செருகி, அந்த இடத்துப் புல்லை மட்டை உரச வேண்டும் என்று மட்டும் சொன்னால் போதும். உரசும் சத்தம் சரியான இடத்தில் வரத் தொடங்கினால் பந்தும் சரியாகும்.

பங்கரில் நேர்மாறு: பந்துக்கு ஏறக்குறைய ஐந்து சென்டிமீட்டர் பின்னால் மணலை அடிக்க வேண்டும், நிறுத்தாமல் முழுதாக வீச வேண்டும். பயத்தில் பாதியில் நிறுத்துவதால்தான் பந்து அங்கேயே தங்கிவிடுகிறது. அடிக்கும் முன் மட்டையால் பந்தின் முன்னாலோ பின்னாலோ மணலைத் தொட்டால் இரண்டு அடி பெனால்டி. ஒத்திகை ஸ்விங்கில் மணலைத் தொட்டாலும் அப்படியே. பந்து மணல் சுவரோடு ஒட்டிக் கிடந்து வழியே இல்லையென்றால், இரண்டு அடி பெனால்டி எடுத்துக்கொண்டு, குழியிலிருந்து பந்து வரை போகும் கோட்டிலேயே பின்னால் பங்கருக்கு வெளியே வந்து போட்டு ஆடலாம். 2019 விதிகளில் வந்த இந்த வழி பல பிள்ளைகளுக்குத் தெரியாது. பங்கரில் நான்கைந்து அடி விரயமாவதைவிட இரண்டு மேல்.

பட்டிங்கில் ஒன்றை மட்டும் வலியுறுத்துகிறேன்: தூரம். மூன்று பட் ஆவதற்குக் கோடு தவறியது அரிதாகவே காரணம். முதல் பட் இரண்டு மீட்டர் முன்னேயோ பின்னேயோ நிற்பதுதான் காரணம். 5, 8, 11 மீட்டரில் டீ நட்டு, பந்து குழிக்கும் அதன் பின்னால் ஒரு பட்டர் நீளத்துக்கும் இடையில் நிற்க வேண்டும் என்று ஆடச் சொல்லுங்கள். பிறகு குழியைச் சுற்றி நான்கு திசையிலும் ஒரு மீட்டரில் நான்கு டீ. நான்கையும் தொடர்ந்து போட்டால் அடுத்த சுற்று. உலகின் முதல்தர தொழில்முறை ஆட்டக்காரர்களே ஏறக்குறைய 2.4 மீட்டர் பட்டில் பாதியைத்தான் போடுகிறார்கள். இதைப் பிள்ளைகளிடம் சொல்லுங்கள். மூன்று மீட்டர் பட் தவறியதற்காக முகம் வாடி நிற்கும் பிள்ளைக்கு இந்த ஒரு தகவல் பெரிய ஆறுதல்.

விதி தெரியாமல் போகும் அடிகள்

பள்ளி ஆட்டங்களில் நடுவர் கூடவே நடப்பதில்லை, பிள்ளைகளே விதியைக் கையாள வேண்டும். அவர்களைத் தடுக்கி விழச் செய்பவை சில உண்டு. பந்தைத் தேட மூன்றே நிமிடம். பந்து தொலைந்திருக்கலாம் அல்லது எல்லைக்கு வெளியே போயிருக்கலாம் என்று தோன்றினால், தேடப் போகும் முன் "ப்ரொவிஷனல் (தற்காலிகப் பந்து) அடிக்கிறேன்" என்று தெளிவாகச் சொல்லி இன்னொரு பந்து அடிக்க வேண்டும். "இன்னொன்று அடிக்கிறேன்" என்றால் போதாது. அந்த நொடியே இரண்டாவது பந்து ஆட்டப் பந்தாகிவிடும், முதல் பந்து கண்டெடுக்கப்பட்டாலும் பயனில்லை. அடுத்தவர் பந்தை அடித்துவிட்டால் இரண்டு அடி. அதைத் திருத்தாமல் அடுத்த குழியின் தொடக்க இடத்தில் அடித்துவிட்டால் தகுதி நீக்கம். ஆகவே ஒவ்வொருவரும் தன் பந்தில் பேனாவால் அடையாளம் போட்டிருக்க வேண்டும்.

ஒரே அணிப் பிள்ளைகளுக்கு இன்னொரு பொறி. "இங்கே எந்த மட்டை எடுத்தாய்?" என்று தோழனிடம் கேட்பது ஆலோசனை கேட்பதாகும், இரண்டு அடி பெனால்டி. கொடி எவ்வளவு தூரம் என்று கேட்கலாம், அது பொதுத் தகவல். பயிற்சியாளர் ஆட்டத்தின் நடுவே பேசலாமா என்பது அந்தந்தப் போட்டியின் விதியைப் பொறுத்தது. தொடங்கும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். பையில் 14 மட்டைக்கு மேல் இருக்கக் கூடாது. ஒரு மட்டை கூடினாலும், அதோடு ஆடிய குழிக்கு இரண்டு அடி வீதம் நான்கு அடி வரை போகும். பயிற்சிக்காகத் தோழியிடம் வாங்கிய வெட்ஜ் பையிலேயே தங்கிவிடுவதுதான் வழக்கமான காரணம்.

சந்தேகம் வந்து தீர்க்க ஆள் இல்லையென்றால், மொத்த அடிகளை எண்ணும் ஸ்ட்ரோக் பிளேயில் அந்தக் குழியை இரண்டு பந்தால் ஆடி முடிக்கலாம். அடிக்கும் முன் எந்தப் பந்து கணக்கில் வர வேண்டும் என்று, ஸ்கோரைக் குறிக்கும் மார்க்கரிடம் சொல்ல வேண்டும். அட்டையைக் கொடுக்கும் முன் போட்டிக் குழுவிடம் நடந்ததைச் சொல்லியே ஆக வேண்டும், இரண்டு பந்திலும் ஒரே ஸ்கோர் வந்திருந்தாலும்கூட. சொல்லத் தவறினால் தகுதி நீக்கம்.

முதுகு

வளரும் பிள்ளையின் கீழ்முதுகைப் பற்றி நான் மிகவும் கவலைப்படுகிறேன். கோல்ஃப் ஸ்விங் முதுகெலும்பை ஒரே நேரத்தில் திருப்பவும் பின்னுக்கு வளைக்கவும் செய்கிறது. உயரம் வேகமாகக் கூடும் பருவத்தில் எலும்பு முந்தி நீளும், தசையின் நெகிழ்வு பின்தங்கும். அந்த நேரத்தில் ஒரு நாளைக்கு நூற்றைம்பது, இருநூறு முழு ஸ்விங் என்று அடித்தால் முதுகெலும்பின் பின்பகுதியில் நுண்விரிசல் வரக்கூடும். ஆரம்பத்தில் அது சாதாரணத் தசைவலி போலவே இருக்கும். பின்னுக்கு வளையும்போது கூடும் வலி, ஒரு பக்கமாகவே இருக்கும் வலி, ஓய்வெடுத்தால் அடங்கி ஆடினால் திரும்பும் வலி, இரண்டு வாரத்துக்கு மேல் நீடிக்கும் வலி: இவற்றில் எது இருந்தாலும் மட்டையைக் கீழே வைத்துவிட்டு மருத்துவரிடம் அனுப்புங்கள். காலுக்கு இறங்கும் வலியோ மரமரப்போ இருந்தால் அன்றே அனுப்ப வேண்டும். தேர்வு ஆட்டம் வருகிறது என்று பிள்ளை வலியை மறைக்கும். ஆகவே வலியைச் சொன்னதால் மட்டும் இடம் பறிபோகாது என்பதைப் பருவத்தின் முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

சூடாக்காமல் டிரைவரை எடுப்பதும், எடை கூடிய பையை ஒரே தோளில் மாட்டுவதும் முதுகுக்கு எதிரிகள். பத்து நிமிட வேக நடை, கால் வீசல், இடுப்பைத் திருப்பல், பிறகு வெட்ஜில் பாதி ஸ்விங், அதன் பின்னே முழு ஸ்விங். பையை எடை போட்டுப் பாருங்கள். தேவையில்லாத பந்துகளும் நிறைந்த தண்ணீர்க் குப்பிகளும் சேர்ந்து எடையைக் கூட்டியிருக்கும். பத்துப் பந்து போதும், இரட்டைப் பட்டை வேண்டும், தள்ளுவண்டி கிடைத்தால் இன்னும் நல்லது.

மட்டை ஆளுக்குப் பொருந்தவில்லையென்றால் உடம்பு வளைந்து கொடுக்கும். பெரியவர்களின் மட்டையை வெட்டிக் குட்டையாக்கினால் தண்டு விறைப்பாகிவிடும், தலையோ அதே எடை. மட்டையைத் தரையில் வைக்கும்போது மட்டைத் தலையின் நுனி மேலே தூக்கி நின்றால் அது பிள்ளைக்கு நீளம். வலக்கை ஆட்டக்காரரின் பந்து இடப்பக்கம் போய்க்கொண்டே இருக்கும். பிள்ளை அதைத் தன் ஸ்விங் கோளாறு என்று நினைத்து வேறு எதையோ திருத்திக்கொண்டிருக்கும்.

விபத்து

பிள்ளைகள் தலையில் அடிபடுவதற்கு முக்கியக் காரணம், வீசும் மட்டைக்கு அருகில் நிற்பது. ரேஞ்சில் எல்லாரும் ஒரே கோட்டில், ஆளுக்கு ஆள் குறைந்தது மூன்று மீட்டர். கோட்டுக்கு முன்னால் விழுந்த டீயை எடுக்க யாரும் குனியக் கூடாது. இடக்கை ஆட்டக்காரரை அடுத்தவரின் முகம் தெரியும்படி வரிசை ஓரத்தில் நிறுத்துங்கள். பந்தைச் சேகரிக்கப் போகும்போது எல்லா மட்டையும் பைக்குள். மைதானத்தில் பந்து வருகிறது என்று எச்சரிக்க "ஃபோர்!" என்று கத்துவதற்குக் கூச்சப்படும் பிள்ளைகள் உண்டு, பயிற்சியிலேயே கத்திப் பழக்குங்கள். கேட்கிறவர் திரும்பிப் பார்க்கக் கூடாது, தலையைக் கைகளால் மூடிக் குனிய வேண்டும்.

மின்னலுக்கும் இடிக்கும் இடையே 30 விநாடியோ குறைவோ என்றால் ஆட்டத்தை நிறுத்துங்கள். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் ஆகும் வரை திரும்ப வேண்டாம். மரத்தடி ஆபத்து, சுவரும் கூரையும் உள்ள கட்டடமோ, கூரை மூடிய காரோதான் பாதுகாப்பு. நீண்ட ஒற்றைச் சைரன் என்றால் பாதி வழியில் இருக்கும் குழியையும் முடிக்காமல் உடனே நிறுத்த வேண்டும். சைரன் ஒலிக்காவிட்டாலும் மின்னல் அபாயம் என்று நினைத்தால் ஆட்டக்காரர் தானாகவே நிறுத்த விதி இடம் தருகிறது. இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லி வையுங்கள், இல்லையென்றால் பெனால்டிக்குப் பயந்து மைதானத்திலேயே நிற்பார்கள்.

அட்டையைக் கொடுக்கும் நேரம்

ஆட்டம் முடிந்ததும் பிள்ளையைச் சுற்றி நான்கு பேர் ஸ்கோர் கேட்பார்கள். முதலில் அவர்களை விலக்குங்கள். பிள்ளையும் மார்க்கரும் உட்கார்ந்து, குழி குழியாக எண்ணை வாய்விட்டுச் சொல்லி ஒப்பிட்டு, இருவரும் கையெழுத்திட வேண்டும். ஒரு குழியில் ஆடியதைவிடக் குறைவாக எழுதிக் கொடுத்தால் தகுதி நீக்கம். கூடுதலாக எழுதியிருந்தால் அந்தக் கூடுதலே நிற்கும். மொத்தத்தைக் கூட்டுவது போட்டிக் குழுவின் வேலை, பிள்ளை அதில் பிழை விட்டால் தண்டனை இல்லை.

பிறகு பயிற்சியாளர் பேசும் நேரம். பத்து எடுத்த குழியைப் பற்றி அந்த இடத்திலேயே விளக்கம் கேட்காதீர்கள். பெற்றோரிடமும் கேட்டுக்கொள்ளுங்கள், வீடு போய்ச் சேரும் வரை அந்த எண்ணைத் தொட வேண்டாம் என்று. அடுத்த பயிற்சி நாளில், பிள்ளை சாப்பிட்டுத் தூங்கி எழுந்த பிறகு, மேலே அந்தப் பத்தைப் பிரித்தது போல இருவருமாக உட்கார்ந்து அடி அடியாக எழுதுங்கள். ஒவ்வோர் அடிக்கும் பக்கத்தில் 'ஸ்விங்' அல்லது 'தேர்வு' என்று பிள்ளையே குறிக்கட்டும்.

அணி ஸ்கோரை அறிவிக்கும்போது நான்காவது அட்டையிலிருந்து தொடங்கி மேலே போங்கள். ஐந்தாவது பிள்ளையிடம் உன் ஸ்கோர் சேரவில்லை என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிட வேண்டாம். நால்வரில் ஒருவருக்கு முதுகு பிடித்துப் பாதியில் விலகினாலோ, ஓர் அட்டை கையெழுத்தில்லாமல் தள்ளப்பட்டாலோ அந்த 58தான் அணியைக் காப்பாற்றும். ஏழாவது குழியில் எட்டை ஒன்பதாக்காமல் அந்த ஐந்தாவது பிள்ளை போட்ட அந்த ஒரு மீட்டர் பட்டை, எல்லார் முன்னிலையிலும், குழி எண்ணோடு சொல்லுங்கள்.